மாயா பஜாரைக் கட்டிய மேஸ்திரி

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், கனகம்மாசத்திரம்)



ஒரு காவியப் படம் எதனால் பெரிய படம் ஆகிறது? இந்தக் கேள்வியை நம்ம கேன்டீன்ல யாராவது ஒருத்தன் போட்டாப் போதும், டீ ஆறுறதுக்குள்ள பத்து பதில் வந்துடும். பட்ஜெட்தான் என்பான் ஒருத்தன். கிராபிக்ஸ் என்பான் இன்னொருத்தன். யானை, குதிரை, ஆயிரம் சிப்பாய், மலை உச்சியில் அரண்மனை... இதெல்லாம் இருந்தாத்தான் காவியம்னு சத்தியம் பண்ணுகிறவர்களும் உண்டு. 2015-லும் 2017-லும் பாகுபலியின் இரண்டு பாகங்கள் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது.

எனக்கு வேற ஒரு பதில் தோணுது. அதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துச் சொன்னால்தான் சரியாக விளங்கும். அவர் பெயர் கே.வி. ரெட்டி. மாயா பஜார் படத்தை இயக்கியவர். பெயரை மட்டும் சொன்னா நம்ம வயசுப் பசங்க முழிப்பாங்க. மாயா பஜார்னு சொல்லிப் பாருங்க, வீட்டுப் பெரியவங்க நிமிர்ந்து உட்காருவாங்க. கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனி ஆளாச் சாப்பிடுவானே, அந்தப் படமான்னு கேட்பாங்க. ஆமாம், அதே படம்தான்.

அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சினிமாக்காரரைப் பற்றிப் பாலிடெக்னிக் மலரில் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள், அவர் நம்ம ஆளா இல்லையான்னு!

நம்ம ஊரும் இந்தக் கதையும்

முதலில் எங்க ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிற சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனா ஆந்திரா வந்துடும். எங்க தெருவுல ஒரு வீட்ல தமிழ், அடுத்த வீட்ல தெலுங்கு. எங்க வீட்லயே அப்பா வழி தமிழ், அம்மா வழி தெலுங்கு. கோபம் வந்தா ரெண்டும் சேர்ந்து வரும்.

இப்படி இருக்கிற பகுதியில் எல்லைக் கோடு எங்கே போடுவது என்று பெரிய போராட்டமே நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. மங்கலங்கிழார், ம.பொ.சி. போன்ற பெரியவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். கடைசியில் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

தேதிகளைக் கவனியுங்கள் நண்பர்களே. மாயா பஜார் வந்தது 1957-ல். தெலுங்குப் படம் மார்ச் 27-ஆம் தேதியும், தமிழ்ப் படம் ஏப்ரல் 12-ஆம் தேதியும் வெளிவந்தன. அதாவது, இந்த மண் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பக்கமும் வழக்காடிக்கொண்டிருந்த அதே வருஷத்தில், பதினாறு நாள் இடைவெளியில், ஒரே கதை இரண்டு மொழியிலும் வந்து இரண்டு பக்கத்து ஜனங்களையும் ஒரே மாதிரி சிரிக்க வைத்தது. எங்க தாத்தா அதை டென்ட் கொட்டாயில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, இரண்டு மொழியிலும் பார்த்தவர். எந்தப் படம் ஒசத்தின்னு கேட்டா கடைசி வரைக்கும் அவர் பதில் சொன்னதே இல்லை. வீட்ல பிரச்சனை வேண்டாம்னு நினைச்சாரோ என்னவோ!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பாரதம் படிப்பாங்க, ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும், படுகளம், அப்புறம் தீமிதி. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குக்கூட மகாபாரதம் மனப்பாடம். எங்க தாத்தா கூத்துல பின்பாட்டு பாடினவர். இந்த ஜனங்களுக்கு முன்னாடி பாரதக் கதையைத் தப்பாச் சொன்னா திரையைக் கிழிச்சிடுவாங்க. அவங்களே கொண்டாடின படம்னா அதுல ஏதோ இருக்கு, இல்லையா?

இயற்பியல் படித்த காசாளர்

கதிரி வெங்கட ரெட்டி 1912 ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவர். ஊர், அனந்தபூர் மாவட்டத்துத் தாடிபத்திரி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டத்துக்கு நல்ல சர்க்கார் உத்தியோகமே கிடைத்திருக்கும். அவரோ சினிமாவுக்குப் போனார். அங்கே போய் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கேமரா பிடிக்கவில்லை, வேஷம் கட்டவில்லை. கணக்கு எழுதினார். காசாளர் வேலை!

பி.என். ரெட்டியும் மூலா நாராயணசாமியும் நடத்திய வாஹினி நிறுவனத்தில் அவர் இருந்தார். வந்தே மாதரம் (1939), சுமங்கலி (1940), தேவதா (1941) என்று பி.என். ரெட்டி படங்கள் எடுக்க எடுக்க, இவர் கூடவே இருந்து செலவுக் கணக்கையும் தயாரிப்பு வேலைகளையும் பார்த்தார். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் எவ்வளவு நஷ்டம், ஒரு செட்டை இரண்டாம் முறை போட்டால் எவ்வளவு தண்டம், எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆனது. சம்பளப் பட்டியல் எழுதிய கைதான் பின்னாடி படத்தை இயக்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1940-களின் தொடக்கத்தில் அவர் இயக்கிய முதல் படம் பக்த போதனா. தெலுங்கில் பாகவதம் பாடிய போதனாவின் கதை. சித்தூர் வி. நாகையா போதனாவாக நடித்தார். அதே நாகையாவை வைத்து 1947-ல் யோகி வேமனா எடுத்தார். 1949-ல் குணசுந்தரி கதா. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையை எடுத்து, நம்ம பாட்டி சொல்லும் ராஜா கதை மாதிரி ஆக்கிவிட்டார். எங்கிருந்து எடுத்தாலும் நம்ம வீட்டு அடுப்பில் வைத்துச் சமைக்கத் தெரிந்தவர்.

பிறகு நாகிரெட்டியும் சக்ரபாணியும் சேர்ந்து நடத்திய விஜயா நிறுவனத்துக்குப் படம் செய்தார். இந்த இரட்டையரை நமக்கு வேறு வழியிலும் தெரியும். சின்ன வயசில் நம்ம அப்பா, அம்மா போட்டி போட்டுப் படித்த அம்புலிமாமா இவர்களுடையதுதான். 1951-ல் பாதாள பைரவி வந்தது. தெலுங்கு, தமிழ் இரண்டிலும் வெற்றி. என்.டி. ராமராவை ஊரறியச் செய்த படம். மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவ் வந்து மிரட்டினார். அதன் இந்திப் பதிப்பை ஜெமினி எஸ்.எஸ். வாசன் கொண்டுவந்தார். 1952-ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் அது திரையிடப்பட்டது.

மாயாஜாலம் மட்டும்தான் அவருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 1954-ல் பெத்த மனுஷுலு எடுத்தார். ஊரில் பெரிய மனுஷன் என்று பேர் வாங்கி, உள்ளே ஊழல் செய்கிறவர்களின் கதை. நார்வே நாட்டு இப்சன் எழுதிய நாடகம்தான் அதற்கு மூலம். தெலுங்கில் சிறந்த படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. 1955-ல் நாகேஸ்வர ராவை வைத்து தொங்க ராமுடு. இவ்வளவும் செய்து முடித்த அனுபவத்தோடுதான் அவர் மாயா பஜாரைத் தொட்டார்.

கையில் கடிகாரம்

நாம சிவில் பசங்க. ஒரு வீடு கட்டணும்னா முதல்ல என்ன செய்வோம்? பிளான், எஸ்டிமேட். அப்புறம் மனையில் முளைக்குச்சி அடிச்சு நூல் பிடிப்போம். எங்கப்பா கொத்தனார் மேஸ்திரி. ரசமட்டம், தூக்குக் குண்டு இல்லாம ஒரு வரிசை செங்கல் வைக்க விடமாட்டார். கட்டின பிறகு இடிக்கிறது பாவம் என்பது அவர் கொள்கை.

கே.வி. ரெட்டியும் அதே ஜாதி மேஸ்திரிதான். திரைக்கதை, வசனம் முழுக்க எழுதி முடிந்து, கட்டிப்போட்ட பிறகுதான் படப்பிடிப்பு. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மாறக்கூடாது. எழுதியவர் பிங்களி நாகேந்திர ராவ். தமிழுக்குத் தஞ்சை ராமையாதாஸ். ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே நடித்துப் பார்க்கச் சொல்லி, ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுப்பார். இந்தக் காட்சி இத்தனை நிமிஷம், இத்தனை வினாடி. படம் முடியும்போது நீளம் இவ்வளவு வரும் என்று தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

இது ஏன் பெரிய விஷயம்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடணும். அப்படின்னா வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. மூன்று மணி நேரப் படத்துக்கு 16,200 அடி. மாயா பஜார் மூன்று மணி நேரத்தை ஒட்டிய படம். இரண்டு மொழி என்றால் இரண்டு மடங்கு, அதாவது 32,000 அடிக்கு மேல். இது திரையில் வருவது மட்டும். தப்பான டேக், வேண்டாத டேக் எல்லாம் தனி. அப்போது இந்தியாவில் பிலிம் தயாரிப்பே கிடையாது. ஒவ்வோர் அடியும் கப்பலில் வந்த சரக்கு. எதை எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் கேமராவை ஓட விட்டால் முதலாளி வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்துவிடும்.

பழைய காசாளர் ஆயிற்றே! எதில் செலவு செய்யணும், எதில் கூடாது என்று அவருக்குத் தெரியும். தேவையில்லாத காட்சிக்கு ஓர் அடி பிலிம் கொடுக்க மாட்டார். ஆனால் தேவை என்று முடிவு செய்துவிட்டால் பின்வாங்க மாட்டார். படம் தொடங்கும் சமயத்தில் செலவை நினைத்துத் தயாரிப்புத் தரப்பு தயங்கியதும் உண்டு. பிறகு நம்பிக்கையோடு முழுசாகக் கை கொடுத்தார்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு மனுஷன்

ஒரு மேஸ்திரி மட்டும் இருந்தா வீடு எழும்புமா? தச்சர் வேணும், கம்பி கட்டுறவர் வேணும், எலெக்ட்ரீஷியன் வேணும். கே.வி. ரெட்டிக்கு மார்க்கஸ் பார்ட்லி என்று ஓர் ஒளிப்பதிவாளர் கிடைத்தார். கோகலே, கலாதர் என்று கலை இயக்குநர்கள் கிடைத்தார்கள். இசையில் எஸ். ராஜேஸ்வர ராவ் சில மெட்டுகள் போட்டுவிட்டு விலக, மீதியை கண்டசாலா பொறுப்பேற்று முடித்தார்.

துவாரகை நகரத்தை மேலிருந்து காட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குட்டிக் குட்டி வீடுகளாகச் செய்து அடுக்கிய மாதிரி நகரம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக விளக்கு எரிய வைத்தார்கள். நம்ம லேப்ல மாடல் செய்கிறோமே, அதேதான். ஆனா திரையில் பார்க்கும்போது ஒரு ராஜதானியே தூங்கிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

நிலா வெளிச்சத்தில் ஓடம் போகும் பாட்டு ஒன்று வரும். எண்ணூர்ப் பக்கம் வெளிப்புறத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியை ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்தார்கள். அந்த நிலா பார்ட்லி விளக்கு வைத்து உண்டாக்கினது. எது எண்ணூர், எது ஸ்டூடியோ என்று இன்றைக்கும் சட்டென்று பிரிச்சுச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த விருந்து. கடோத்கஜன் உட்கார்ந்து கையை அசைத்தால் லட்டு தானே பறந்து வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் கிடையாது. கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுப்பது, ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் பிடிப்பது, கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டி இழுப்பது என்று அந்தக் காலத்தில் இருந்த வழிகள் கொஞ்சம்தான். அதிலும் ஒன்று தப்பினால் திரும்ப முதலிலிருந்து. பிளான் இல்லாதவனால் இதைச் செய்யவே முடியாது. ஆகவே அவருடைய ஸ்டாப்வாட்சும் அந்த லட்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்றுதான் நான் சொல்வேன்.

அதற்கு முந்தைய வருஷம், 1956-ல், அமெரிக்காவில் டெமில் என்ற இயக்குநர் பத்துக் கட்டளைகள் கதையைப் படமாக எடுத்து, செங்கடலையே இரண்டாகப் பிளந்து காட்டினார். உலகமே வாய் பிளந்தது. கோடம்பாக்கத்தை ஒட்டிய வடபழனியில் நம்ம ஆட்கள் லட்டைப் பறக்க விட்டார்கள். கடல் பெரிசுதான். ஆனாலும் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நம்ம வீட்டுக் குழந்தை கைகொட்டிச் சிரிப்பது லட்டுக்குத்தான்!

பாண்டவர் இல்லாத பாரதம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

மாயா பஜார் மகாபாரதப் படம். ஆனால் படம் முழுக்கத் தேடிப் பாருங்கள், பாண்டவர் ஐந்து பேரில் ஒருத்தர்கூடத் திரைக்கு வரமாட்டார்! தர்மர் இல்லை, பீமன் இல்லை, அர்ஜுனன் இல்லை. அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் காட்டமாட்டார்கள். குருட்சேத்திரப் போரும் கிடையாது. காவியம் என்றால் இதெல்லாம்தானே என்று நாம் நினைப்பதை எல்லாம் அவர் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

அப்போ மிச்சம் என்ன? ஒரு கல்யாணம். பலராமரின் மகள், தெலுங்கில் சசிரேகா, தமிழில் வத்சலா. அர்ஜுனனின் மகன் அபிமன்யு. சின்ன வயசிலேயே இருவருக்கும் பேசி முடித்த சம்பந்தம். பாண்டவர்கள் சூதாடிச் சொத்தை இழந்ததும் பெண் வீட்டார் மனம் மாறுகிறது. துரியோதனன் மகன் லக்கணகுமாரன் பணக்கார மாப்பிள்ளையாக வருகிறான். கிருஷ்ணர் சிரித்துக்கொண்டே ஒரு திட்டம் போடுகிறார். கடோத்கஜன் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போய்விட்டு, தானே பெண் வேஷம் எடுத்து உட்காருகிறான். மாப்பிள்ளை வீட்டாருக்கு விடுதியாக ஒரு மாய ஊரையே உண்டாக்குகிறான். அதுதான் மாயா பஜார்.

இந்தக் கதை வியாசர் பாரதத்தில் கிடையாது. ஜனங்கள் தாங்களே கட்டிய கதை. நம்ம கூத்திலும் அபிமன்னன் சுந்தரி மாலை என்று இதே சாயலில் ஒன்று உண்டு. அதில் பெண், கிருஷ்ணரின் மகள். மாயா பஜார் கதையை கே.வி. ரெட்டிக்கு முன்பே பல பேர் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். ஆகவே கதை புதுசு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான். சொத்து போனதும் சம்பந்தம் முறிவது எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும் நடப்பது. எங்க தெருவுலயும் நடந்திருக்கு. அரண்மனையில் நடந்தாலும் அந்த அவமானம் ஒன்றுதான். மகாபாரதத்தை அவர் அந்த அளவுக்குக் கீழே இறக்கிக் கொண்டுவந்து, மணல் மேட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

வித்தைகள்கூட அப்படித்தான். மனசுக்குப் பிடித்ததைக் காட்டும் ஒரு பெட்டி வரும். பெண் பார்த்தால் அபிமன்யு தெரிவான், சகுனி பார்த்தால் பகடைக்காய் தெரியும். ஒவ்வொருத்தர் உள்ளத்தையும் ஒரே பொருளை வைத்துச் சொல்லிவிட்டார்! இன்னொன்று, ஏறி நின்றால் உண்மையைப் பேச வைக்கும் பீடம். படத்தின் கடைசியில் சகுனி அதில் ஏறித் தன் சூதையெல்லாம் தானே கொட்டிவிடுவார். வேடிக்கைக்காக வைத்தது மாதிரி தெரியும் ஒவ்வொரு பொருளும் கதையில் ஒரு சுமையைத் தாங்கும். தாங்காத தூண் ஒன்றுகூடக் கிடையாது. அழகுக்காக நடுவில் ஒரு தூண் வைத்தால் எங்கப்பா என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்திருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே சாவித்திரி. கடோத்கஜன் பெண் உருவத்தில் இருக்கும் காட்சிகளில் உடம்பு சாவித்திரி, நடை, முறைப்பு, கை வீச்சு எல்லாம் ரங்காராவ்! யாரும் பார்க்காத நேரம் ராட்சசன் வெளியே வருவான், ஆள் வந்ததும் மணப்பெண் வெட்கப்படுவாள். இதற்கு எந்த கிராபிக்ஸும் தேவைப்படவில்லை. எங்க தாத்தா இந்தக் காட்சியைத்தான் அடிக்கடி சொல்வார். கூத்தில் ஆம்பளை பெண் வேஷம் கட்டுவதைப் பார்த்துப் பழகினவர் அவர். பெண் ஆம்பளையாகி, மறுபடி பெண் வேஷம் போடுவதை அங்கேதான் பார்த்ததாகச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார்.

ராமராவ் கிருஷ்ணராக வருவதும் இந்தப் படத்தில்தான் நிலைத்தது. அதற்கு முன் ஒரு படத்தில் கொஞ்ச நேரம் கிருஷ்ணர் வேஷத்தில் வந்தபோது ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரே தயங்கினார். கே.வி. ரெட்டி விடவில்லை. உடை, கிரீடம், நிற்கும் தோரணை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதன் பிறகு ஆந்திரத்தில் கிருஷ்ணர் என்றாலே ராமராவ் முகம் என்று ஆகிவிட்டது.

இரண்டு மொழி, ஒரே செட்

தமிழ்ப் படம் டப்பிங் படம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. தமிழுக்கென்று தனியாக எடுத்தார்கள். ராமராவ், ரங்காராவ், சாவித்திரி இரண்டிலும் உண்டு. அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். சகுனி அங்கே சி.எஸ்.ஆர். ஆஞ்சநேயுலு, இங்கே நம்பியார். மாப்பிள்ளை அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. விருந்துப் பாட்டு அங்கே மாதவபெத்தி சத்யம், இங்கே திருச்சி லோகநாதன்.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ஒரே அஸ்திவாரம், ஒரே சுவர், உள்ளே குடியிருக்கிறவர்கள் பேச்சு மட்டும் வேறு. வெளியே மாநில எல்லைக்காக மறியலும் ஊர்வலமும் நடந்த காலம் அது. ஸ்டூடியோவுக்குள்ளே தெலுங்கு பேசும் லைட்பாயும் தமிழ் பேசும் தச்சரும் ஒன்றாக நின்று ஒரு மாய ஊரைக் கட்டினார்கள். எங்க ஊர்ல இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் இந்தப் படம் தெலுங்குக்காரங்களுதா, தமிழ்க்காரங்களுதா என்று வாக்குவாதம் வரும். ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடுவதே அந்த மேஸ்திரிக்குக் கிடைத்த கூலி என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசிக் காலம்

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாழ்க்கை முழுக்க வெற்றி ஊர்வலமாக இருந்துவிடவில்லை. 1961-ல் ஜகதேக வீருனி கதா நன்றாக ஓடியது. 1963-ல் ராமராவ், நாகேஸ்வர ராவ் இருவரையும் வைத்துச் சொந்தமாக ஸ்ரீ கிருஷ்ணார்ஜுன யுத்தம் எடுத்தார். 1965-ல் சத்ய ஹரிச்சந்திரா எடுபடவில்லை. 1968-ல் வந்த உமா சண்டி கௌரி சங்கருல கதாவும் தோற்றது. அதே ஸ்டாப்வாட்ச், அதே ஒழுங்கு, அதே மனிதர். ஆனால் காலம் மாறிவிட்டது, ஜனங்களின் ரசனையும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் தேடி வந்தவர்கள் தயங்கினார்கள்.

1971-ல் மீண்டும் ராமராவைக் கிருஷ்ணராகவும், ஜெயலலிதாவை சத்யபாமாவாகவும் வைத்து ஸ்ரீ கிருஷ்ண சத்யா இயக்கினார். அதுவே அவருடைய கடைசிப் படம். 1972 செப்டம்பர் 15-ஆம் தேதி, அறுபதாவது வயதில் காலமானார்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. திட்டம் போட்டு வேலை செய்தால் எப்போதும் ஜெயிக்கலாம் என்று நம்மிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. கே.வி. ரெட்டிக்கே கிடைக்கவில்லை. ஆனால் திட்டம் இல்லாமல் ஒரு மாயா பஜார் எழும்பி நின்றதாகவும் சரித்திரம் இல்லை. பிளான் சரியாக இருந்தால் வீடு நிற்கும். அந்த வீட்டில் மனுஷர் வந்து வாழ வேண்டும் என்றால், கட்டுகிறவனுக்கு மனுஷரைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் கூடி வந்த நேரம்தான் 1957.

மிச்சம் இருப்பது

அந்தப் படத்தின் பெரிய நடிகர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வாஹினி ஸ்டூடியோ இருந்த வடபழனி இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் ஷாப்பிங் மாலும் நிற்கின்றன. தளவாடங்கள் போயின. படம் மட்டும் இருக்கிறது. 2010-ல் தெலுங்குப் படத்துக்கு வண்ணம் சேர்த்து மறுபடி திரையிட்டார்கள். 2013-ல் ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சி ஒன்று நடத்திய வாக்கெடுப்பில் இந்தியாவின் மிகச் சிறந்த படமாக மாயா பஜாரையே ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

படத்தை விட இன்னொன்றும் மிஞ்சியது. அவரிடம் உதவியாளராக இருந்து வேலை கற்றவர் சிங்கீதம் சீனிவாச ராவ். அவர்தான் பிறகு 1987-ல் வசனமே இல்லாத பேசும் படத்தையும், 1989-ல் கமல்ஹாசன் குள்ளமாக வந்த அபூர்வ சகோதரர்கள் படத்தையும் இயக்கினார். கமல் எப்படிக் குள்ளமானார் என்று நம்ம அப்பாமார்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, அந்த வித்தைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா? நல்ல மேஸ்திரி கட்டடத்தை மட்டும் விட்டுப் போகமாட்டார், கையாளைக் கொத்தனாராக்கிவிட்டுத்தான் போவார்.

ஆக, கேள்விக்கு என் பதில் இதுதான். காவியப் படம் பெரிதாவது அதில் காட்டுகிற பொருளின் அளவால் இல்லை. எதைக் காட்டக்கூடாது என்று தெரிந்த அடக்கத்தால், எடுப்பதற்கு முன்பே அளந்து பார்க்கும் பொறுமையால், ராஜா கதையிலும் நம்ம வீட்டுக் கல்யாணத்தைக் கண்டுபிடிக்கும் மனசால். செலவு அதற்குப் பிறகு வரட்டும்.

நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டிவியில் மாயா பஜார் போடும்போது சேனலை மாற்றாமல், வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். எந்தக் காட்சி எதற்காக வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். காரணம் இல்லாத காட்சி ஒன்றைக் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள், கேன்டீனில் டீ என் கணக்கு. அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். கடைசி செமஸ்டரில் நம்ம பிராஜெக்டுக்கு எஸ்டிமேட் போட உட்காரும்போது அது உதவும்.